எடுத்துச்செல்லும் சுடும் மேசையும் ரைபிள் ரெஸ்ட்டும்: வீட்டிலேயே செய்ய முடியுமா?

அரிசோனாவில், ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கிறீர்கள். ஒரு .22 ரைபிள், மான் வேட்டைக்கென்று பெரிய தோட்டாவில் சுடும் ஒரு .308. வார இறுதியில் ரேஞ்சில் இடம் கிடைப்பதில்லை. ஊருக்கு வெளியே அரசு நிலத்துக்குப் போய், கார் பேனட் மேல் பையை வைத்துச் சுடுகிறீர்கள். 100 யார்டில் ஐந்து குண்டும் ஐந்து திசையில் போகிறது, குறை ஸ்கோப்பிலா தோட்டாவிலா என்றே தெரியவில்லை, கழற்றி எடுத்துப்போகிற மாதிரி ஒரு மேசையும், அதன்மேல் ரைபிளைத் தாங்கிப்பிடிக்கும் ரெஸ்ட்டும் நாமே செய்தால் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரிவரும். ஒரு பிளைவுட் பலகையில் பாதி, எட்டடி நீளத்தில் ஒரு 4×4 கட்டை, ஒரு 2×4 சட்டம், கொஞ்சம் போல்ட்டு நட்டு, ஒரு குழாய்த்துண்டும் மரைத்தண்டும், ஒரு பழைய ஜிம் எடைத்தட்டு, இரண்டு பை மணல் இருந்தால் போதும். ஆனால் எதற்காகச் செய்கிறோம் என்பதை முதலில் எண்ணில் பார்த்துவிட்டால், எந்த இடத்தில் மெனக்கெட வேண்டும், எதில் அசட்டையாக இருக்கலாம் என்பது தானாகப் புரிந்துவிடும்.

ரைபிள் இரண்டு இடத்தில் தாங்கப்படுகிறது: முன்னால் ரெஸ்ட், பின்னால், தோளில் ஊன்றும் மட்டைக்கு அடியில் ஒரு பை. இரண்டுக்கும் நடுவே 24 அங்குலம் இருக்கிறது என்று வையுங்கள். 100 யார்டு என்பது 3,600 அங்குலம், அதாவது அந்த இடைவெளியைப்போல் 150 மடங்கு. ரெஸ்ட் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்ந்தால் குறி 0.15 அங்குலம் நகரும். ஒரு தலைமுடியின் பருமன் அளவுக்கு நகர்ந்தால் அரை அங்குலத்துக்குப் பக்கம். கார் பேனட் தகரம், நீங்கள் மூச்சு விடும்போதே தலைமுடி அளவைவிட அதிகமாக அமுங்கி எழும். உங்கள் குண்டுகள் சிதறுவதற்கு அதுவே போதுமான காரணம். ஸ்கோப்பைக் குறை சொல்வதற்கு முன் பேனட்டை விட்டு இறங்குங்கள்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் பலருக்கும் தோன்றுவது, மேசை அசையவே கூடாது, ஆகவே கனமாகச் செய்ய வேண்டும் என்பதுதான். பெரிய ரேஞ்சுகளில் கான்கிரீட்டில் வார்த்த மேசைக்கு அது பொருந்தும். தூக்கிக்கொண்டு போகிற மேசை எப்படிச் செய்தாலும் கொஞ்சம் அசையத்தான் செய்யும். நமக்கு வேண்டியது வேறு: அழுத்தினால் வளையட்டும், கையை எடுத்தால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரவேண்டும். மரம் வளைந்தால் திரும்பி வரும். இணைப்பு தளர்ந்து வழுக்கினால் திரும்பி வராது. அதனால் பலகை எத்தனை தடிமன் என்பதைவிட, கால் பலகையோடு சேரும் இடம் எப்படி இருக்கிறது என்பதில்தான் இந்த மேசையின் உயிர் இருக்கிறது.

கால் மூன்று. இதில் விவாதமே வேண்டாம். காட்டுத் தரை எங்கேயும் சமமாக இருக்காது. நாலு கால் வைத்தால் ஒன்று எப்போதும் அந்தரத்தில் நிற்கும், அதற்கு அடியில் கல் தேடிக்கொண்டிருக்க வேண்டும். முக்காலி எந்த மேட்டிலும் பள்ளத்திலும் மூன்று காலையும் ஊன்றி நிற்கும். மேசை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் பாதகமில்லை, ரெஸ்ட்டில் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் மூன்று காலுக்கு ஒரு ஆபத்து உண்டு. கால்கள் தரையைத் தொடும் மூன்று புள்ளிகளையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அந்த முக்கோணத்துக்கு வெளியே முழங்கையை ஊன்றி எடையைப் போட்டால், மேசை ரைபிளோடு சேர்ந்து கவிழும். அதனால் கால்களை வெளிப்பக்கம் அகட்டிவைக்க வேண்டும். 10 டிகிரி அகட்டினால், 30 அங்குல உயரத்துக்கு ஒவ்வொரு காலும் தரையில் ஐந்தே கால் அங்குலம் வெளியே போய் நிற்கும். அது தாராளமாகப் போதும்.

மேல்பலகைக்கு முக்கால் அங்குல பிளைவுட். நாலுக்கு எட்டு அடி பலகையைக் கடையிலேயே இரண்டாக அறுத்துத் தரச் சொல்லுங்கள். ஒரு பாதி நமக்கு. அதில் 48 அங்குல நீளம், 36 அங்குல அகலம் எடுத்துக்கொண்டால், 12 அங்குலப் பட்டை ஒன்று மிஞ்சும். அதைத் தூக்கிப் போடாதீர்கள், கால்களைச் செருகும் கூடு செய்ய அதுதான் வேண்டும். மேற்பரப்பு இழை நீளவாக்கில் ஓடட்டும்.

வடிவம் ஆங்கில டி எழுத்து மாதிரி: முன்பக்கம் 36 அங்குல அகலத்தில் 22 அங்குலம், அதற்குப் பின்னால் 16 அங்குல அகலத்தில் 26 அங்குல வால். வாலின் இரண்டு பக்கமும் பத்துப் பத்து அங்குலம் வெட்டி எடுக்கப்படுகிறது. வலது தோளில் வைத்துச் சுடுபவர் வாலின் இடப்பக்கம் உட்காருவார். மட்டையும் பின்பையும் வாலின் மேல் வரும், வலது முழங்கைக்கும் அங்கேயே இடம் கிடைக்கும். இடதுகைக்காரர் மறுபக்கம். உங்கள் வீட்டில் இடதுகைக்காரர் யாரும் இல்லையென்றாலும் டி வடிவத்தையே செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் முழங்கைக்கு அகலம் கூடுதலாகக் கிடைப்பது உண்மைதான். ஆனால் அந்தக் கூடுதல் மூலை முக்கோணத்துக்கு வெளியே போய்விடும், கவிழ்வதற்கு அதுவே வழிசெய்யும்.

வெட்டுகிற உள்மூலைகளைக் கூராக விடாமல், முதலில் ஒரு பெரிய துளை போட்டு அதிலிருந்து ஜிக்சாவை ஓட்டுங்கள். கூர்மூலையில்தான் விரிசல் தொடங்கும். பலகைக்கு அடியில், முன்விளிம்பிலிருந்து வால் நுனிக்குக் கொஞ்சம் முன்புவரை ஒரு 2×4 சட்டத்தை நிமிர்த்திவைத்துப் பசையும் திருகும் போட்டுப் பிணையுங்கள். முக்கால் அங்குலப் பலகை தனியாக நின்றால் நடுவில் தொய்யும். இந்தச் சட்டம் வந்ததும் தட்டினால் வரும் ஓசையே மாறிவிடும். ஆணி எங்கும் வேண்டாம். பசை, தண்ணீர் தாங்கும் ரகமாக இருக்கட்டும்.

கால்களுக்கு வருவோம். கடைகளில் ஃப்ளோர் ஃபிளேஞ்ச் என்று ஒரு வட்டத்தட்டு கிடைக்கிறது. அதைப் பலகைக்கு அடியில் திருகி, இரும்புக் குழாயைக் காலாக முறுக்கிவிடுவது எளிய வழி என்று பலர் செய்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. குழாயின் மரை கூம்பாக இருப்பதால் முதல் தடவை இறுக்கமாகத்தான் பிடிக்கும். கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, ஒரு பருவம் முடிவதற்குள் ஃபிளேஞ்சின் சின்னத் திருகுகள் பிளைவுட்டில் ஆட்டம் காணத் தொடங்கும். அந்த ஆட்டம்தான் திரும்பி வராத அசைவு.

மரக்கூடு செய்யுங்கள். எட்டடி 4×4 கட்டையை மூன்றாக அறுத்தால் ஏறக்குறைய 32 அங்குலத்தில் மூன்று கால் கிடைக்கும். 4×4 என்று பெயரே தவிர உண்மை அளவு மூன்றரைக்கு மூன்றரை. ஒவ்வொரு காலின் மேல்நுனியையும் ஐந்து அங்குல நீளத்துக்கு மூன்றரையிலிருந்து மூன்றாகச் சரித்து இழையுங்கள். மிச்சம் வைத்த பிளைவுட் பட்டையிலும் 2×4 துண்டுகளிலும் அந்தச் சரிவுக்கு ஏற்ற நாலு பக்கக் கூடு கட்டி, பலகைக்கு அடியில் பசையும் போல்ட்டும் போட்டு நிறுத்துங்கள். கால் நுழைந்ததும் ஆப்பு மாதிரி சிக்கிக்கொள்ளும். இதன் அழகு என்னவென்றால், மேசைமேல் எடை ஏற ஏற இணைப்பு இறுகுகிறது. ரைபிள், மணல்பை, உங்கள் முழங்கை எல்லாம் சேர்ந்து காலைக் கூட்டுக்குள் அழுத்திக்கொண்டே இருக்கும். தூக்கும்போது கால் கழன்று விழாமல் இருக்க, கூட்டையும் காலையும் ஊடுருவி ஒரு 3/8 அங்குல போல்ட்டும் சிறகு நட்டும் போதும். பெரிய சுமை எதையும் அந்தப் போல்ட்டு தாங்கப்போவதில்லை.

இரண்டு கூடு முன்மூலைகளில், ஒன்று வால் நுனிக்கு அருகே. அகட்டுவதற்கு ஒரே வெட்டில் இரண்டு கோணம் சேர்த்து வெட்டத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். பலகையின் நடுவிலிருந்து ஒவ்வொரு கூட்டுக்கும் பென்சிலில் ஒரு கோடு இழுங்கள். கூட்டை அந்தக் கோட்டின் திசைக்கே திருப்பிவைத்து, கூட்டுக்கும் பலகைக்கும் நடுவே 10 டிகிரி ஆப்புத்துண்டு ஒன்று கொடுங்கள். ஒரே ஒரு கோண வெட்டில் மூன்று காலும் வெளிப்பக்கம் சாய்ந்துவிடும்.

மரம் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. வெளியில் போட்டால் கெடாது என்று மருந்தேற்றிய கட்டையை எடுத்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் கடையில் ஈரமாகவே இருக்கும். அரிசோனா வெயிலில் காய்ந்து சுருங்கி முறுக்கிக்கொண்டால் கூட்டில் ஆடும். சூளையில் உலர்த்திய கட்டையாகப் பார்த்து வாங்கி, சில வாரம் கராஜில் போட்டுவைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். காலின் அடிநுனி தட்டையாக இருக்கக் கூடாது. நடுவில் ஒரு தடித்த திருகை, தலை வெளியே தெரியும்படி இறக்கினால் கெட்டித்தரையில் நன்றாகக் கடிக்கும். மணல்பாங்கான ஓடைப்படுகை என்றால் காலுக்கு அடியில் உள்ளங்கையகலப் பிளைவுட் துண்டு வையுங்கள்.

உயரத்தை அளவுநாடாவில் முடிவு செய்யாதீர்கள். நீங்கள் கொண்டுபோகப் போகும் ஸ்டூலிலேயே உட்கார்ந்து, ரெஸ்ட்டும் ரைபிளும் மேலே இருக்க, முதுகு நிமிர்ந்தபடி கண் ஸ்கோப்புக்கு வருகிறதா என்று பார்த்து, பிறகு காலைக் குறையுங்கள். குனிந்து உட்கார்ந்தால் .308 உதைக்கும்போது உடம்பு பின்னால் போக இடமில்லாமல் முழு உதையும் தோளெலும்பில் இறங்கும். இருக்கையை மேசையோடு சேர்த்துக் கட்டாதீர்கள். கடையில் விற்கிற சில மேசைகளில் அப்படித்தான் வருகிறது. பார்க்க வசதி, ஆனால் நீங்கள் இடுப்பை அசைத்தால் குறியும் அசையும்.

வண்ணம் வெளிர்நிறமாகப் பூசுங்கள், கறுப்பில் ஜூன் மாதம் கை வைக்க முடியாது. மேலே முழுவதும் கார்ப்பெட் ஒட்டுவதும் வேண்டாம். ரெஸ்ட்டின் கால் கெட்டியான பரப்பில்தான் நிற்க வேண்டும். முழங்கை ஊன்றும் இடத்தில் மட்டும் ஒரு ரப்பர் பாய் ஒட்டினால் சரி.

முடித்ததும், ஒரு குண்டுகூடச் சுடாமல் மேசையைச் சோதிக்கலாம். பாதுகாப்பான திசையில், காலியான ரைபிளை ரெஸ்ட்டில் வைத்து, ஸ்கோப்பின் குறுக்குக்கோட்டை 100 யார்டு டார்கெட்டில் ஒரு புள்ளியில் நிறுத்துங்கள். ரைபிளைத் தொடாமல், மேசை மூலையை விரலால் அழுத்திவிட்டு எடுங்கள். கோடு நகர்ந்து, அதே புள்ளிக்குத் திரும்பினால் மேசை நல்ல மேசை. திரும்பாமல் வேறு இடத்தில் நின்றால் ஏதோ ஒரு இணைப்பு வழுக்குகிறது. ஒவ்வொரு காலாகப் பிடித்து ஆட்டி எதுவென்று கண்டுபிடியுங்கள். திரும்புகிறது, ஆனால் அதிகமாக ஆடுகிறது என்றால் நடுச்சட்டத்தில் ஒரு கொக்கி போட்டு ஐந்து கேலன் தண்ணீர்க்கேனைத் தொங்கவிடுங்கள். நாற்பது பவுண்டுக்கு மேல் எடை, கூலியில்லாமல் கிடைத்தது. திரும்பும்போது அந்தத் தண்ணீர் குடிக்கவும் உதவும்.

இனி முன் ரெஸ்ட். மூன்று முனையில் நிற்கும் கனமான முன் ரெஸ்ட், முயல்காது வைத்த பின்பை என்ற ஜோடியை மெருகேற்றியது, மேசைமேல் ரைபிளைத் தாங்கிவைத்துச் சுடும் அமெரிக்காவின் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்காரர்கள். 1951-லேயே இதற்கென்று தேசிய அளவில் சங்கம் வைத்துக்கொண்டவர்கள். ஐந்து குண்டையும் ஒரே ஓட்டைக்குள் விடுவதுதான் அவர்கள் விளையாட்டே. அவர்கள் வைத்திருக்கும் நுட்பமான கருவி நமக்கு வேண்டியதில்லை, தத்துவம் மட்டும் போதும்: அடி கனமாக இருக்க வேண்டும், மூன்று முனையில் நிற்க வேண்டும், உயரம் கூட்டிக் குறைக்க வேண்டும்.

பழைய பொருள் விற்பவரிடம் 25 பவுண்டு வார்ப்பிரும்பு எடைத்தட்டு ஒன்று வாங்குங்கள், நடுவில் ஒரு அங்குலத் துளை உள்ளதாக. விளிம்பை ஒட்டி மூன்று துளையிட்டு மரை வெட்டி, 3/8 போல்ட்டுகளைக் கீழ்நோக்கி இறக்கினால் கால் ஆயிற்று, முனைகளைக் கூராக்கிவிடுங்கள். வார்ப்பிரும்பு துளைக்கச் சுலபமானது. நடுத்துளைக்கு மேல் முக்கால் அங்குலக் குழாய்க்கான ஃபிளேஞ்சைப் போல்ட்டுப் போட்டு, நாலு அங்குலக் குழாய்த்துண்டை அதில் முறுக்குங்கள். இங்கே ஃபிளேஞ்சை நான் மறுக்கவில்லை. ஒருமுறை இறுக்கினால் கழற்றவே போவதில்லை, பிடித்திருப்பதும் இரும்பில். அந்தக் குழாய்க்குள் முக்கால் அங்குல மரைத்தண்டு சரளமாக இறங்கும். தண்டில் ஒரு நட்டு. நட்டு குழாயின் வாயில் வாஷர்மேல் உட்காரும். நட்டைத் திருகினால் தண்டு, தான் சுழலாமல், மேலே ஏறும். ரைபிளின் எடை எப்போதும் கீழே அழுத்துவதால் மரையின் தளர்வு தெரியாது. பக்கவாட்டு ஆட்டத்துக்குக் குழாயில் ஒரு நட்டைப் பற்றவைத்து, கைத்திருகு ஒன்றால் தண்டை நெருக்கிவிடுங்கள்.

முக்கால் அங்குலத் தண்டில் ஒரு அங்குலத்துக்குப் பத்து மரை. அதாவது ஒரு சுற்றுக்கு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. நாம் போட்ட கணக்கில் 100 யார்டில் 15 அங்குலம். ஆகவே நட்டு, டார்கெட் காகிதத்துக்குள் குறியைக் கொண்டுவருவதற்கு மட்டும். கடைசி நுணுக்கம் பின்பையில்.

தண்டின் தலையில் யு வடிவில் ஒரு மரத்தொட்டில், அதில் மணல்பை. மணல்பைக்குப் பழைய ஜீன்ஸ் காலைவிட நல்ல துணி எனக்குத் தெரியவில்லை. இரட்டைத் தையல் போட்டு, முக்கால் பங்குக்கு மேல் நிரப்பி, துப்பாக்கி பதிந்து உட்கார இடம் விடுங்கள். மணலைக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்துச் சலித்து நிரப்ப வேண்டும். ஈரமணல் கட்டிபட்டு, தையலையும் இற்றுப்போகச் செய்யும். சலிக்கும்போது முகமூடி போடுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. எடை குறைவாக வேண்டுமென்று அரிசியை நிரப்புகிறவர்களும் உண்டு. புழு வைத்த பிறகு அந்தப் பையை யார் பிரிப்பது என்று வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

பின்பைக்கு மேலே இரண்டு காது வைத்துத் தையுங்கள், நடுப்பள்ளத்தில் மட்டையின் அடி உட்காரும்படி. இடது கையால் பையைப் பிசைந்தால் மட்டை உயர்ந்து குறி இறங்கும், விட்டால் குறி ஏறும். அதில்தான் கடைசிக் கால் அங்குலத்தைப் பிடிக்கிறோம். காதுகளில் கொஞ்சம் முகப்பவுடர் தூவுங்கள், உதைக்கும்போது மட்டை வழுக்கிப் போகும், பையை இழுத்துக்கொண்டு போகாது.

சுடும்போது சில விஷயங்கள். ரெஸ்ட்டில் படுவது ரைபிளின் முன்கட்டையாக இருக்கட்டும். குழல் எதன்மேலும் படக் கூடாது. பட்டால் அதிர்வு மாறி, குண்டு வேறிடம் போகும். வார் மாட்டும் குமிழ், பையைத் தொடாத தூரத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் உதைக்கும்போது அது பையில் இடிக்கும். ஒவ்வொரு தடவையும் ரெஸ்ட் அதே இடத்தில் தாங்கும்படி முன்கட்டையில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். குழல்வாய் மேசையின் முன்விளிம்பைத் தாண்டியே இருக்கட்டும். வாயு பலகையில் அடித்தால் தூசி கிளம்பும், ரெஸ்ட்டும் நகரும். உதை பொறுக்கவில்லை என்று ரைபிளை எடைகட்டி அசையாமல் பூட்டிவிடும் சாதனங்கள் உண்டு. போகவேண்டிய உதை போக இடமில்லாவிட்டால் மட்டையும் ஸ்கோப் பிடிகளும்தான் அதை வாங்கும். நான் அதற்குப் போகமாட்டேன். தோளில் ஒரு மடித்த துண்டு போதும்.

சீரோ செய்யும்போது, அதாவது ஸ்கோப் காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்யும்போது, முதலில் 25 யார்டில் காகிதத்தில் விழவைத்து, பிறகு .308-ஐ 100-க்கும், .22-ஐ 50-க்கும் கொண்டுபோங்கள். எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. கால் எம்.ஓ.ஏ. ஸ்கோப்பில் திருகின் ஒரு கிளிக், 100 யார்டில் கால் அங்குலத்துக்குச் சற்று அதிகம், 50-ல் அதில் பாதி. ஒரு குண்டைப் பார்த்துவிட்டுத் திருகாதீர்கள்; ஐந்து சுட்டு, அதன் நடுவைப் பார்த்துத் திருகுங்கள். மான் வேட்டைக்குப் போகிறவர் மேசையில் எடுத்த சீரோவை நம்பி நேரே மலை ஏறிவிடக் கூடாது. முதுகுப்பை மேல் சாய்த்தும், உட்கார்ந்த நிலையிலும் சில குண்டு சுட்டு, குறி அதே இடத்தில்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

இடம் பற்றி. தேசிய வனங்களில் வீடு, கட்டடம், முகாமிடம், மக்கள் கூடும் இடம் எதற்கும் 150 யார்டுக்குள் சுடக் கூடாது. சாலைக்கும் நீர்நிலைக்கும் குறுக்கேயும் கூடாது. டார்கெட்டுக்குப் பின்னால் மண்மேடு கட்டாயம். அடிவானம் தெரிகிற இடத்தில் மேசையைப் போடவே போடாதீர்கள். கோடையில் தீத் தடை வந்தால் அரசு நிலத்தில் சுடுவதையே நிறுத்திவைப்பார்கள், புறப்படுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது ஃபெடரல் சட்டப்படி பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. நீங்கள் எந்த வகை என்பது எனக்குத் தெரியாது. உங்களோடு வரும் நண்பர் "நான் ஒரு தடவை சுட்டுப்பார்க்கிறேன்" என்று கை நீட்டுவதற்கு முன் அவருடைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் தமிழ்நாட்டு நண்பர்கள் ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு இதே மேசையைச் செய்யலாம், மேசையில் ஒரு மாற்றமும் வேண்டாம். ஆனால் முன் ரெஸ்ட்டை மட்டும் அப்படியே பயன்படுத்தாதீர்கள். ஸ்பிரிங் ரைபிளில் பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி ஒருமுறை பின்னால் உதைத்து, பிஸ்டன் முட்டியதும் முன்னாலும் துள்ளிவிடும். கெட்டியான பையில் வைத்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகத் துள்ளும். கையை மணல்பை மேல் வைத்து, விரித்த உள்ளங்கையில் ரைபிளை, எடை சமமாகும் இடத்தில், பிடிக்காமல் கிடத்துங்கள். தோளிலும் இறுக்க வேண்டாம். துள்ளட்டும், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி துள்ளினால் பெல்லட்டும் ஒரே இடத்துக்குப் போகும்.